உடல் வரவில்லை, பெயர் வந்தது

போரில் மாண்டவரின் பெயரைக் கல்லில் எழுதி வைப்பது தமிழர்களுக்குப் புதிய வழக்கம் அன்று. ஊர் ஆநிரைகளை மீட்கப் போய் உயிர் விட்டவனுக்குக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து, படையல் வைத்து வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்துகள் இருந்தன. அவற்றில் ஒன்று, அது யாருடைய கல், எந்த ஊர் ஆநிரைப் பூசலில் அவர் மாண்டார் என்பதைச் சொல்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மனிதரின் பெயரை நம்மால் படிக்க முடிகிறது.

நடுகல் காலத்துப் போருக்கும் இருபதாம் நூற்றாண்டுப் போருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று வீரன் ஊர் எல்லையில் விழுந்தான். ஊரார் உடலைப் பார்த்தார்கள். கல் நட்ட இடத்துக்கு மனைவியும் மக்களும் நடந்தே போக முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் பஞ்சாபின் ஒரு கிராமத்து இளைஞர் கோத்தா பாருவில் இறந்தார். இங்கிலாந்தின் ஒரு சிற்றூர் இளைஞர் சயாம் காட்டில் இறந்தார். மலாயா தோட்டத்துத் தமிழ் இளைஞர் பர்மா எல்லையில் இறந்தார். வீட்டுக்கு உடல் வரவில்லை. எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா இல்லையா என்பதும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட வீடு தன் பிள்ளையை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? இந்தக் கேள்விக்குச் சென்ற நூற்றாண்டு கண்ட விடை ஒன்றுதான். உடலைத் தர முடியாவிட்டால் பெயரையாவது தர வேண்டும். ஆனால் அந்தப் பெயர் எல்லோருக்கும் தரப்பட்டதா என்று பார்த்தால், கதை அவ்வளவு நேராகப் போகவில்லை.

'காணவில்லை' என்ற ஒரு சொல்

போர்க்காலத்தில் வீட்டுக்கு வரும் தந்தியில் 'மாண்டார்' என்று இருந்தால் அழுது தீர்க்கலாம். 'காணவில்லை' என்று இருந்தால் அழவும் முடியாது, நம்பவும் முடியாது. மனைவி பொட்டை அழிப்பதா வேண்டாமா? தாய் தினமும் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுவதா? இறந்த நாள் தெரியாமல் திதி கொடுப்பது எப்படி? நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் தர்ப்பணம் செய்யும் வழி நம்மிடம் உண்டு. ஆனால் இறந்துவிட்டார் என்பதையே ஏற்றுக்கொள்ளாத மனத்துக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

இந்தத் துயரம் ஏழை, பணக்காரர் என்று பார்த்து வருவதில்லை. 'ஜங்கிள் புக்' கதைகளை எழுதிய ருட்யார்ட் கிப்ளிங்கை நம் வாசகர்கள் அறிவார்கள். 1865இல் பம்பாயில் பிறந்தவர், நோபெல் பரிசு பெற்றவர். அவருடைய ஒரே மகன் ஜான். கண்பார்வை மிகவும் குறைவு என்பதால் படையில் சேர அவரால் முடியவில்லை. முதல் உலகப் போரை முழு மனத்தோடு ஆதரித்த தந்தை, தம் நண்பரான படைத்தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் செல்வாக்கைப் பயன்படுத்தி, மகனை ஐரிஷ் காவற்படைப் பிரிவில் சேர்த்துவிட்டார்.

1915 செப்டம்பர் 27ஆம் தேதி, பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் ஜான் காணாமற்போனார். பதினெட்டு வயது நிறைந்து ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. காயமுற்றார், காணவில்லை என்ற செய்தி வீட்டுக்கு வந்தது. கிப்ளிங்கும் மனைவியும் மகனுடன் இருந்த வீரர்களைத் தேடித் தேடி விசாரித்தார்கள். ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறு ஒன்று சொன்னார். உடல் கிடைக்கவில்லை. உலகமே அறிந்த எழுத்தாளர், தம் மகனின் கல்லறையைப் பார்க்காமலே 1936 ஜனவரியில் காலமானார்.

அந்தத் தந்தை துயரத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1917இல் அமைக்கப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையத்தில் அவர் சேர்ந்தார். உலகமெங்கும் உள்ள போர்க் கல்லறைகளின் நினைவுக் கல்லில் பொறிக்க விவிலியத்திலிருந்து ஒரு தொடரைத் தேர்ந்து கொடுத்தவர் அவர்தான். பெயர் என்றும் வாழும் என்பது அதன் பொருள். அடையாளம் தெரியாத வீரர்களின் கல்லில் காணப்படும் சொற்களையும் அவர்தான் தந்தார். ஊர் பேர் தெரியாத வீரர்களின் கல்லுக்குச் சொல் தேடிய அந்தத் தந்தைக்கு, தம் மகனும் அப்படி ஒரு கல்லின் கீழ்தான் கிடக்கிறான் என்பது தெரியாது. 1992இல் ஆணையம், அடையாளம் தெரியாத அதிகாரி ஒருவரின் கல்லறை ஜானுடையது என்று அறிவித்தது. அது சரிதானா என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. மறு ஆய்வுக்குப் பிறகு 2016இல் ஆணையம் தன் முடிவை உறுதி செய்தது. நூறு ஆண்டுகள் கழித்து ஒரு கல்லுக்குப் பெயர் உறுதியானது.

எல்லோருக்கும் ஒரே கல்

இந்த ஆணையம் உருவாகக் காரணமாக இருந்தவர் பேபியன் வேர். வயது கூடியதால் படையில் சேர முடியாமல், செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிப் பிரிவுக்குப் பொறுப்பேற்றுப் பிரான்சுக்குப் போனவர். அங்கே இறந்த வீரர்களின் கல்லறைகளை யாரும் குறித்து வைக்கவில்லை என்பதைக் கண்டார். மரச் சிலுவையில் பென்சிலால் எழுதிய பெயர் ஒரு மழைக்கே அழிந்துவிடும். அவரும் அவருடைய குழுவினரும் கல்லறைகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள்.

1915ஆம் ஆண்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இறந்தவர் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் அந்த ஆண்டு ஏப்ரலில் பிரான்சில் மாண்டபோது, அவர் உடல் தனி அனுமதியோடு வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு முடிந்தது, சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கு முடியாது. இந்த வேற்றுமை தொடரக் கூடாது என்று வேர் வாதாடினார். விழுந்த இடத்திலேயே எல்லோரும் தோழர்களோடு துயில வேண்டும் என்பது விதியாயிற்று.

1918இல் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தலைவர் பிரெடரிக் கென்யன் கொடுத்த அறிக்கை, கல்லறைகள் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பெயர். உடல் கிடைத்தால் கல்லறையில், கிடைக்காவிட்டால் நினைவுச் சுவரில். பதவி, இனம், சமயம் பார்த்து வேறுபாடு கிடையாது.

இன்று இதைப் படிக்கும்போது நல்ல ஏற்பாடு என்றுதான் தோன்றும். அன்று பல குடும்பங்கள் இதைக் கொதிப்போடு எதிர்த்தன. பிள்ளையைக் கொடுத்தது நாங்கள், அவன் கல்லறையைத் தீர்மானிக்க அரசாங்கம் யார் என்று கேட்டன. மூன்று மகன்களைப் போரில் இழந்த புளோரன்ஸ் செசில் சீமாட்டி, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவை அரச குடும்பத்திடம் சேர்த்தார். பட்டைக் கல்லுக்குப் பதிலாகச் சிலுவை வைக்க அனுமதி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1920 மே மாதத்தில் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஆணையத்தின் கொள்கையே நிலைத்தது.

குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தது ஒன்று உண்டு. கல்லின் அடியில் குடும்பம் தன் விருப்பப்படி சில சொற்களைப் பொறிக்கலாம். 66 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணம் என்று முதலில் வைத்தார்கள். ஏழைத் தாய் எழுத்தை எண்ணிப் பார்த்துத்தான் மகனுக்கு விடை சொல்ல வேண்டும் என்ற நிலை. பிறகு விரும்பினால் கட்டலாம் என்று தளர்த்தினார்கள். நியூசிலாந்து மட்டும் தன் வீரர்களின் கல்லில் இந்தச் சொற்களே வேண்டாம் என்றது. எழுதக் கூடியவர், எழுத இயலாதவர் என்ற வேறுபாடும் வரக் கூடாது என்பது அந்நாட்டின் எண்ணம்.

முதல் உலகப் போருக்குப் பிறகு, மாண்டவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கலத் தகடு ஒன்றும் அனுப்பப்பட்டது. பதின்மூன்று இலட்சத்துக்கும் அதிகமான தகடுகள் வார்க்கப்பட்டன. அதில் பெயர் மட்டும்தான் இருந்தது, பதவி இல்லை. பார்ப்பதற்குச் செப்புக் காசு போல இருந்ததால், மக்கள் அதை இறந்தவன் காசு என்று கசப்போடு அழைத்தார்கள்.

எண்ணாகிப் போனவர்கள்

சமத்துவம் என்ற அந்த விதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பின்பற்றப்பட்டதா என்றால், இல்லை.

பிரான்சின் நவ் சாப்பெல் என்ற ஊரில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய நினைவுச் சின்னத்தில், கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் வெள்ளையர் வீரர்களுக்குக் கிடைத்த மரியாதை அங்கே இந்தியருக்கும் கிடைத்தது.

ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் நடந்தது வேறு. மெசபடோமியாப் போரில் மாண்டு, கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டோரை நினைவுகூர 1929இல் அது திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. ஆனால் 30,000க்கும் மேற்பட்ட இந்தியச் சாதாரண வீரர்கள், இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று வெறும் எண்களாகவே குறிக்கப்பட்டார்கள். தன் அப்பாவின் பெயரைத் தேடி ஒரு மகன் அங்கே போயிருந்தால், அவன் கண்ணுக்குத் தெரிந்திருப்பது ஓர் எண்தான்.

தமிழகத்திலும் இதன் சாயலைப் பார்க்கலாம். முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய கிராமங்களில், பிரிட்டிஷ் அரசாங்கம் கல்வெட்டுப் பலகைகளைப் பதித்தது. அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். போனவர் யார், மாண்டவர் யார் என்று இருக்காது. நடுகல்லில் பெயர் எழுதிப் பழகிய மண்ணில், எண் எழுதிய கல் நடப்பட்டது.

இதற்கு நெடுநாள் யாரும் பதில் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்றில் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி வழங்கிய ஆவணப்படம் இந்தக் கேள்வியை எழுப்பியது. அதன் பிறகு, இன்று பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் என்று அழைக்கப்படும் அதே ஆணையம் ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியானது. முதல் உலகப் போரில் மாண்ட 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சரும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இந்த அநீதி கவனக்குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. இன்ன இனத்தாருக்குத் தனிக் கல்லின் அருமை புரியாது என்று அன்றைய ஆளுநர்கள் எழுதிய கடிதங்கள் அந்த அறிக்கையில் இடம்பெற்றுள்ளன. பிள்ளையின் பெயரைக் கல்லில் பார்க்க எந்தத் தாய்க்குத்தான் விருப்பம் இருக்காது? அந்தக் கேள்வியை அவர்கள் எந்தத் தாயிடமும் கேட்கவில்லை.

அறிக்கையோடு வேலை நிற்கவில்லை. 2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், முதல் உலகப் போரில் தொழிலாளர் படையில் பணியாற்றி மாண்ட 1,700க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்கு ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. ஆளுக்கு ஒரு மரத்தூண், அதில் அவரவர் பெயர். நூறு ஆண்டுகள் தாமதம்தான். ஆனாலும் பெயர் வந்துவிட்டது.

கிராஞ்சி மேட்டில்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் வடபகுதியில், உட்லண்ட்ஸ் சாலையை ஒட்டிய மேட்டில் இருக்கிறது கிராஞ்சி போர்க் கல்லறை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்து வந்து சண்டையிட்ட பகுதி அது. பின்னர் அங்கே போர்க்கைதிகள் முகாம் இருந்தது. முகாமில் இறந்த தோழர்களைக் கைதிகளே புதைத்த சிறிய இடம்தான், போர் முடிந்ததும் நிரந்தரக் கல்லறையாக விரிந்தது. சாங்கியில் இருந்த கல்லறைகள் 1946இல் இங்கே மாற்றப்பட்டன.

இரண்டாம் உலகப் போரில் மாண்ட 4,400க்கும் மேற்பட்டோர் இங்கே துயில்கிறார்கள். அவர்களில் 850க்கும் மேற்பட்டோர் யார் என்று தெரியவில்லை. மேட்டின் உச்சியில் சிங்கப்பூர் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1957 மார்ச் 2ஆம் தேதி ஆளுநர் ராபர்ட் பிளாக் அதைத் திறந்து வைத்தார். விமான இறக்கை போன்ற கூரை, அணிவகுப்புப் போன்ற தூண்கள், நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பகுதி போன்ற கோபுரம் என்று முப்படைகளையும் நினைவூட்டும் அமைப்பு. அந்தத் தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் அவை.

மலாயா, இந்தோனீசியா சண்டைகளில் மாண்டவர்கள், சயாம் ரயில் பாதையில் கைதிகளாக இறந்தவர்கள், இந்த வட்டாரத்து வானில் காணாமற்போன விமானப் படையினர் என எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். பலருக்கு இறந்த நாள் தெரியாது. பிடிபட்ட நாள் அல்லது காணாமற்போன நாள்தான் பதிவேட்டில் இருக்கிறது. பாசிர் பாஞ்சாங் புக்கிட் சண்டு சண்டையில் மலாய்ப் படைப்பிரிவோடு நின்று 1942 பிப்ரவரி 14இல் மாண்ட லெஃப்டினண்ட் அட்னான் சைடியின் பெயரும் அங்கே உண்டு. அவருக்கும் கல்லறை இல்லை.

அந்தத் தூண்களில் சீக்கியர், டோக்ரா, பலூச், ஜாட், கார்வால், கூர்க்கா எனப் படைப்பிரிவு வாரியாக இந்திய வீரர்களின் பெயர்கள் நீள்கின்றன. 1941 டிசம்பர் 8ஆம் தேதி அதிகாலையில் கோத்தா பாருக் கடற்கரையில் ஜப்பானியரை முதலில் எதிர்கொண்டவர்கள் டோக்ரா வீரர்கள். கம்பாரில், சிலிம் ஆற்றில், மூவாரில் என்று தீபகற்பம் முழுவதும் இந்தியப் படைகள் பின்வாங்கிக்கொண்டே சண்டையிட்டன. பாரிட் சூலோங்கில் பிடிபட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஆஸ்திரேலியரோடு இந்தியரும் இருந்தார்கள். பேராக்கின் தைப்பிங் போர்க் கல்லறையில் உள்ள 850க்கும் மேற்பட்டவர்களில் 500க்கும் அதிகமானோர் பெயர் தெரியாதவர்கள்.

இந்த முறை எண் இல்லை, பெயர் இருந்தது. பஸ்ராவில் செய்தது கிராஞ்சியில் செய்யப்படவில்லை. ஆணையத்தின் பதிவேட்டில் பல இந்திய வீரர்களின் பெயருக்கு எதிரே இன்னும் சில விவரங்களும் இருக்கின்றன. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன கிராமம், இன்ன மாவட்டம் என்று. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு கிராமத்துப் பெண்ணின் பெயர், அவர் ஒருபோதும் வந்திராத தீவின் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. கணவர் யாருக்கு உரியவராக இருந்தார் என்பதற்கு அது சாட்சி.

நினைவுச் சின்னத்துக்குப் பின்னால் இன்னொரு சின்னம் இருக்கிறது. சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. பெரும்பாலோர் இந்தியப் படையினர். எரியூட்டியவருக்குக் கல்லறை இல்லை, அதற்காகப் பெயரும் இல்லாமற் போய்விடக் கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

இதே எண்ணத்தில் இத்தாலியின் சாங்ரோ ஆற்றுப் பகுதியில் எழுப்பப்பட்ட சின்னத்தில் ஒரு தமிழரின் பெயர் உண்டு. சென்னை சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24இல், கண்ணிவெடி அகற்றும் பணியில் ஒரு வெடி கிளம்பியபோது, சில விநாடிகளில் அது வெடித்துவிடும் என்பதை உணர்ந்து, உடனிருந்தவர்களைக் காக்கத் தம் உடலாலேயே அதை மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். மறைவுக்குப் பிறகு அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது அளிக்கப்பட்டது.

சுவரில் இடம் இல்லாதவர்கள்

கிராஞ்சித் தூண்களில் தேடினாலும் கிடைக்காத பெயர்கள் நம் சமூகத்தில் நிறைய உண்டு.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்துக்குத் தலைமையேற்ற பிறகு, மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் சேர்ந்தார்கள். 1944இல் இம்பால் படையெடுப்பில் குண்டுபட்டு இறந்தவர்களைவிடப் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தவர்கள் அதிகம். மழைக்காலக் காட்டில் பின்வாங்கும்போது வழியில் விழுந்தவரை யார் எங்கே புதைத்திருக்க முடியும்? தோட்டத்திலிருந்து நேரே அந்தப் படையில் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் பேரரசுப் படையினர் அல்லர். அதனால் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அவர்களுக்கு இடம் இல்லை.

அவர்களுக்காக எழுந்த ஒரு சின்னமும் நிலைக்கவில்லை. 1945 ஜூலை 8ஆம் தேதி, பாடாங் அருகே எஸ்பிளனேடில், பெயர் தெரியாத இந்திய தேசிய இராணுவ வீரருக்கான நினைவுத் தூணுக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். இரண்டே மாதத்தில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். மவுன்ட்பேட்டன் உத்தரவின் பேரில் அந்தத் தூண் தகர்க்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், சிங்கப்பூரின் தேசிய மரபுடைமைக் கழகம் அதே இடத்தில் ஒரு நினைவுப் பலகையை வைத்தது. இடத்துக்கு அடையாளம் கிடைத்தது. அந்தத் தூண் யாருக்காக எழுந்ததோ அவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான் லிம் போ செங் நினைவுக் கோபுரம் இருக்கிறது. ஜப்பானியருக்கு எதிரான 136ஆம் படைப்பிரிவில் இரகசியமாகப் பணியாற்றிப் பிடிபட்டு, 1944 ஜூன் 29இல் பத்து காஜா சிறையில் இறந்தவர் அவர். போர் முடிந்ததும் அவர் உடல் மீட்கப்பட்டு, சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1946 ஜனவரியில் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தருகே மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. மனைவி மக்கள் போய் நிற்க ஓர் இடம் கிடைத்தது. பர்மாப் போரில் பிள்ளையைத் தொலைத்த தோட்டத்துத் தாய்க்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை.

சயாம் ரயில் பாதையிலும் இதே கதைதான். காஞ்சனபுரியில் இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களோடு அதே பாதையில் கல் உடைத்து மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர், அவர்களில் நம் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அவர்கள் சிப்பாய்கள் அல்லர் என்பதால் அவர்களைப் பதிவு செய்யும் கடமை எந்தப் படைக்கும் இருக்கவில்லை.

பெயரைக் காப்பது வீட்டின் வேலை

அரசாங்கமும் ஆணையமும் செய்தது ஒரு பகுதி. மீதி வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும். அங்கேதான் நம்மிடம் குறை இருக்கிறது. 'எங்கள் பெரியப்பா ஜப்பான்காரன் காலத்தில் போனார், திரும்பி வரவில்லை' என்பதோடு பல குடும்பங்களில் கதை முடிந்துவிடுகிறது. அவருடைய முழுப் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார், எந்த ஆண்டு போனார், யாரோடு போனார் என்று கேட்டால் விடை இல்லை. விடை தெரிந்த பாட்டிமார்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

இன்று தேடுவதற்கு வழிகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியப் படையிலோ மலாயாத் தொண்டூழியப் படையிலோ பணியாற்றி மாண்டவர்களைப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இணையம் வழியாகவே தேடலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஆகவே ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேட வேண்டும். அப்பா பெயர் முன்னால் வந்திருக்கலாம், சொந்தப் பெயரே விட்டுப் போயிருக்கலாம். ஊர்ப் பெயர் தெரிந்தால் வேலை எளிதாகும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை வாழ்ந்து பார்த்தவர்களின் வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் தமிழர்களின் குரல்களும் உண்டு. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய கடிதம், படையில் எடுத்த நிழற்படம், கோயில் நன்கொடைப் பட்டியல் எல்லாமே சாட்சிகள்தாம்.

பதிவேட்டில் பெயர் கிடைக்காவிட்டாலும், தெரிந்ததை எழுதி வைக்கலாம். படத்தின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆண்டுதோறும் நவம்பரில் கிராஞ்சியில் நினைவு ஞாயிறு அனுசரிக்கப்படுகிறது. தம் குடும்பத்தார் யாரும் அங்கே துயிலாதபோதும், ஒரு மலர்ச்செண்டோடு போய்த் தூண்களில் உள்ள இந்தியப் பெயர்களை வாய்விட்டுப் படித்துவிட்டு வரலாம். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் வீடுகள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கின்றன. அங்கிருந்து வர முடியாதவர்களுக்காக இங்கிருப்பவர் படிப்பதில் தவறில்லை.

இந்திய தேசிய இராணுவத்தில் போனவரும், பிரிட்டிஷ் இந்தியப் படையில் நின்றவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் இறந்தார்கள். யார் செய்தது சரி என்று வரலாற்று ஆசிரியர்கள் வாதிடட்டும். வீட்டுக்கு வராத பிள்ளை என்ற கணக்கில் இருவரும் ஒன்றுதான். திதி கொடுக்கும்போது தாய் கட்சி பார்ப்பதில்லை.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நட்ட கல்லில் ஒருவர் பெயரைப் படிக்கும் நமக்கு, எண்பது ஆண்டுகளுக்கு முன் போன தாத்தாவின் முழுப் பெயர் தெரியவில்லை என்றால் அது வருத்தத்துக்கு உரியது. அடுத்த அமாவாசைக்குள் வீட்டில் மூத்தவரிடம் கேட்டு அந்தப் பெயரை எழுதி வைத்துவிட்டால், அவருக்கும் ஒரு கல் நட்டதாகும்.